கடல்ல பொறந்த மீன்குஞ்சு முதல்ல எதைத் திங்குது? முட்டையிலேர்ந்து ரோட்டிஃபர் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

தொண்டியிலேர்ந்து வர்ற மீனை காரைக்குடி சந்தையில வாங்கிட்டு வந்து அறுக்கும்போது உள்ள சினை இருந்துச்சுன்னா எங்க அப்பத்தாவுக்கு அன்னிக்கு தனி சந்தோஷம், சினையை உடையாம எடுத்து மிளகு தட்டிப் போட்டு பிரட்டித் தருவாங்க. அப்படி ஒரு நாள் சினையை உள்ளங்கையில வச்சுக்கிட்டே "ஏம்ப்பா, இம்புட்டு முட்டையும் பொரிச்சா கடலே நிறைஞ்சு போயிருமே, இதுக்கெல்லாம் யாரு பால் குடுக்குறது?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப பதில் தெரியல. அதுக்கப்புறம் ரெண்டாங்கட்டுல உப்புத்தண்ணி தொட்டி வச்சு, கோமாளி மீன் வளர்த்து, குஞ்சுகளை சாகக் குடுத்து, படிச்சு, கேட்டு, மைக்ராஸ்கோப்ல பாத்து தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கடல்ல தீனிக்குப் பஞ்சம் கிடையாது, ஆனா அந்தத் தீனி குஞ்சோட வாய்க்குள்ள நுழையுற அளவுல இருக்கணும், வாய் திறந்த அந்த ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள கிடைக்கணும், கண்ணுக்கு முன்னாடியே இருக்கணும். இந்த மூணும் ஒண்ணா அமையாமத்தான் லட்சக்கணக்குல செத்துப்போகுது. கீழ வர்ற எல்லா படியும் இந்த மூணு விஷயத்தைச் சுத்தித்தான்.

படி 1: கட்டுச்சோறு தீர்ற வரைக்கும்

நம்ம பாக் விரிகுடா பக்கம் வலையில விழுற மீன்ல பாதிக்கு மேல முட்டையை எங்கயும் ஒட்டி வைக்காது, ஆணும் பெண்ணும் நடுத்தண்ணியில விட்டுட்டுப் போயிரும், முட்டை பாட்டுக்கு மிதந்துக்கிட்டே கிடக்கும். அளவு சொல்லணும்னா அடுப்படியில இருக்குற கசகசாவை எடுத்துப் பாருங்க, ஏறக்குறைய அந்த சைஸ்தான். கொடுவா முட்டை 0.8 மில்லிமீட்டர் இருக்கும். நம்ம ஊரு சூட்டுல ஒரு நாளுக்குள்ள பொரிச்சிரும். பொரிச்ச குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுல கருப்பு இருக்காது, வாய் இருக்காது, ஆசனவாய் கூட இருக்காது. வயித்துக்கடியில ஒரு பை மட்டும் தொங்கும், அதுக்குள்ள மஞ்சக்கருவும் ஒரு சொட்டு எண்ணெயும்.

இதுதான் தாய் கட்டிக் குடுத்து அனுப்புன கட்டுச்சோறு. வழிப்பயணத்துக்கு புளிசாதம் கட்டுற மாதிரி, வேற சோறு கிடைக்குற வரைக்கும் தாங்கணும்னு குடுத்தது. வடக்கு அட்லாண்டிக் குளிர்ல பொறக்குற காட் மீன் குஞ்சுக்கு இந்த மூட்டை ஒரு வாரம் வரும். 28, 30 டிகிரி தண்ணியில பொறக்குற நம்ம குஞ்சுக்கு ரெண்டு மூணு நாள்தான், ஏன்னா சூட்டுல எல்லாமே வேகமா ஓடும், வளர்ச்சியும் வேகம், பசியும் வேகம்.

படி 2: வாய் திறக்குது, கடிகாரம் ஓட ஆரம்பிக்குது

ரெண்டாம் நாள் மூணாம் நாள்ல மூணு விஷயம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நடக்கும். கண்ணுல கருப்பு ஏறும், வாய் திறக்கும், குடல் ரெண்டு பக்கமும் திறந்து ஒரு நேர்க்குழாயா ஆகும். இதுல கண்ணு ரொம்ப முக்கியம், ஏன்னா பெரும்பாலான மீன் லார்வா, அதாவது இந்தப் பொரிச்ச புதுக்குஞ்சு, மோப்பம் பிடிச்சு திங்காது, பாத்துத்தான் திங்கும், வெளிச்சம் இருந்தாத்தான் சாப்பாடு. ராத்திரி ஆச்சுன்னா குடல் காலியாயிரும், விடிஞ்சதும் மறுபடி ஆரம்பிக்கும்.

இப்ப வாய் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. பல மீன்களுக்கு வாய் திறக்குற அன்னிக்கு அகலம் 200லேர்ந்து 300 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். மைக்ரான்னா என்னன்னு குழப்பம் வேண்டாம், உங்க தலைமுடி ஒண்ணு ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன், அப்ப மூணு நாலு முடியைச் சேர்த்து வச்ச அகலம்தான் மொத்த வாயும். வாய் முழுக்க அடைக்குற இரையை எந்தக் குஞ்சும் எடுக்காது, வாய் அகலத்துல கால்வாசியிலேர்ந்து பாதி வரைக்கும் இருக்குறதைத்தான் சுலபமா முழுங்கும். ஆக முதல் சாப்பாடு 50லேர்ந்து 120 மைக்ரானுக்குள்ள இருக்கணும், ஒரு ரவை அதைவிட பல மடங்கு பெருசு. பச்சைக் குழந்தைக்கு பாலாடையில சொட்டுச் சொட்டா ஊத்துற வயசுல முறுக்கைக் குடுக்க முடியுமா, அதே கதைதான். களவா மீனோட குஞ்சுக்கு வாய் இதைவிடவும் சின்னது, அதனாலதான் பொரிப்பகத்துல களவா வளர்க்குறது அவ்வளவு கஷ்டம்.

கட்டுச்சோறு தீர்ந்து, வெளிச்சோறும் கிடைக்கலன்னா குஞ்சு உடனே செத்துராது. மிதந்துக்கிட்டு உயிரோடதான் இருக்கும். ஆனா ஒரு எல்லை தாண்டிருச்சுன்னா அதுக்கப்புறம் பக்கத்துல தீனியைக் கொட்டினாலும் தின்ன தெம்பு இருக்காது. 1963ல பிளாக்ஸ்டர், ஹெம்பல்னு ரெண்டு மீன் ஆராய்ச்சியாளருங்க, ஹெர்ரிங்னு மத்தி மாதிரி ஒரு குளிர்கடல் மீனோட குஞ்சுகளை வச்சு இந்த திரும்ப முடியாத கட்டத்தைப் பத்தி எழுதினாங்க. குளிர்கடல்ல இதுக்கு சில நாள் அவகாசம் உண்டு, நம்ம கடல்ல சில சமயம் ஒரு நாளுக்குள்ளயே முடிஞ்சிரும். தொட்டியில குஞ்சு வளர்க்குறவங்க இதை மனசுல எழுதி வச்சுக்கணும்: நாளைக்கு குடுத்துக்கலாம்ங்குற பேச்சே கிடையாது.

படி 3: முதல் வாய் சாப்பாடு என்னன்னு தெரிஞ்சுக்கங்க

நிறைய பேர் மீன்குஞ்சு பாசியைத்தான் திங்கும்னு நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். பெரும்பாலான கடல் மீன் லார்வா முதல் நாள்லேர்ந்தே வேட்டைக்காரன், அசையுற இரையைத்தான் தேடும். நுண்பாசி கொஞ்சம் வாய்க்குள்ள போகும், குடல்லயும் தெரியும், ஆனா அதை மட்டும் வச்சு வளர முடியாது. அப்ப பாசி எதுக்குன்னா, குஞ்சு திங்குற இரைக்கு அதுதான் சோறு. புல்லு, ஆடு, மனுசன் மாதிரி ஒரு வரிசை.

அந்த இரையில முதல் ஆளு ஒரு செல் உயிரிங்க. டைனோஃபிளாஜெல்லேட்டுன்னு ரெண்டு சாட்டையை சுழட்டிக்கிட்டு சுத்துற ஒண்ணு, சிலியேட்டுன்னு உடம்பெல்லாம் மயிர் வச்ச ஒண்ணு, அந்த சிலியேட்டுலயே டிண்டினிட்னு ஒரு வகை பூச்சாடி மாதிரி ஒரு கூடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கும், மைக்ராஸ்கோப்ல பாத்தா அவ்வளவு அழகு. சின்ன வாய்க்காரங்களுக்கு இதுங்கதான் பாலாடை. உடம்பு மெத்துனு இருக்குறதால குடல்ல சட்டுனு கரைஞ்சு போயிரும், அதனால குடலை அறுத்துப் பாத்தவங்க கணக்குல இதுங்க ரொம்ப நாள் குறைவாவே தெரிஞ்சுது.

ரெண்டாவது ஆளு, உண்மையிலேயே பெரிய ஆளு, கோப்பிபாட். இறாலுக்கு தூரத்து சொந்தம், துடுப்பு மாதிரி காலு. உலகத்துலயே எண்ணிக்கையில அதிகமா இருக்குற பல செல் உயிரினங்கள்ல இதுவும் ஒண்ணு. முட்டையிலேர்ந்து வர்ற அதோட குட்டிக்கு நாப்ளியஸ்னு பேரு, மூணு ஜோடி காலு, நடு நெத்தியில ஒரே ஒரு சிவப்புக் கண்ணு. ஆறு தடவை நாப்ளியஸா இருந்து, அப்புறம் அஞ்சு தடவை சின்னக் கோப்பிபாடா இருந்து, அதுக்கப்புறம்தான் பெரிசாகும். இது ஏன் மீன்குஞ்சுக்கு வரம்னா, ஒரே இனத்துலயே 60 மைக்ரான்லேர்ந்து ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் எல்லா அளவும் ஒரே தண்ணியில கிடைக்கும், குஞ்சு வளர வளர அடுத்த அளவுக்கு மாறிக்கிட்டே போகலாம். அதோட டிஹெச்ஏ, இபிஏங்குற கொழுப்பு இதுல நிறைய இருக்கு, குஞ்சோட மூளையும் விழித்திரையும் அதை வச்சுத்தான் கட்டப்படுது. குடல் வெறும் குழாய், இரைப்பை கிடையாது, அமிலம் கிடையாதுங்குற நிலைமையில சுலபமா செரிக்குற சாப்பாடும் இதுதான்.

கோப்பிபாடை நீங்க கடலுக்குப் போகாமலே பாத்திருக்க வாய்ப்பு உண்டு. நம்ம ஊருணித் தண்ணியில வெள்ளைப் புள்ளி மாதிரி துள்ளிக்கிட்டுப் போறது சைக்ளாப்ஸ், அது நன்னீர் கோப்பிபாட். நரம்புச் சிலந்தி நோயைப் பரப்புனது அதுதான், அதனாலதான் குடிதண்ணியை வேட்டித் துணியில வடிகட்டிக் குடிக்கச் சொன்னாங்க. 2000ல இந்தியாவுல அந்த நோய் இல்லன்னு அறிவிச்சாச்சு. ஆனா ஊருணித் தண்ணியை உப்புத் தொட்டியில ஊத்திராதீங்க, உப்புல அதுங்க உடனே செத்து தண்ணி கெட்டுப்போயிரும்.

மத்தபடி சிப்பி, நத்தையோட குட்டி லார்வா, பல பிராணிகளோட முட்டை, கிளாடோசெரான்னு சொல்ற நீர்த்தெள்ளு, இதெல்லாமும் கிடைச்சா விடாது.

படி 4: எப்படிப் பிடிக்குதுன்னு கவனிங்க

மூணு மில்லிமீட்டர் உடம்புக்கு தண்ணி நமக்கு இருக்குற மாதிரி தண்ணியா இருக்காது, கருப்பட்டிப் பாகுக்குள்ள நீந்துற மாதிரி இருக்கும். வாலை ஆட்டறதை நிறுத்துன உடனே நின்னுரும். இரையைப் பாத்ததும் உடம்பை எஸ் மாதிரி வளைச்சு, பொறுத்திருந்து, ஒரே பாய்ச்சல். முதல் நாள்ல பாதிக்கு மேல குறி தப்பும். கண்ணு எட்டுற தூரமும் ஏறக்குறைய அதோட உடம்பு நீளம்தான், அதைத் தாண்டி ஒரு விரக்கடை தூரத்துல விருந்தே இருந்தாலும் அதுக்குத் தெரியாது. அதனால கடல் முழுக்க சராசரியா எவ்வளவு தீனி இருக்குங்குறது குஞ்சுக்கு உதவாது, எங்க திட்டுத்திட்டா நெருக்கமா இருக்குங்குறதுதான் கணக்கு.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கலிஃபோர்னியா கரையில 1970கள்ல ரூபன் லாஸ்கர்ங்குற மீன் ஆராய்ச்சியாளர் பாத்தது. நெத்திலி இனக் குஞ்சுகளுக்கு ஏத்த டைனோஃபிளாஜெல்லேட் ஒரு அடுக்கா கூடி நின்னுச்சு, தண்ணி அமைதியா இருந்த வரைக்கும் குஞ்சு நல்லா தின்னுச்சு. ஒரு புயல் வந்து தண்ணியைக் கலக்குனதும் அந்த அடுக்கு கலைஞ்சுபோச்சு. தீனி மொத்தமா அழியல, ஆனா விரவிப்போனதால குஞ்சுக்குப் போதுமான அளவு எங்கயும் நெருக்கமா இல்ல.

இன்னும் முன்னாடி போனா நார்வேயில யோஹான் ஹயோர்ட்னு ஒரு மீன் ஆராய்ச்சியாளர். 1904ல பொறந்த ஹெர்ரிங் மட்டும் பல வருசத்துக்கு வலையை நிறைச்சுது, மத்த வருசத்துல பொறந்தது அவ்வளவா இல்ல. தாய் மீன் எண்ணிக்கையை வச்சு இதை விளக்க முடியல. முதல் தீனி கிடைக்குற அந்தக் கட்டத்துலதான் அந்த வருசத்தோட தலையெழுத்தே எழுதப்படுதுன்னு 1914ல அவர் சொன்னார். பிறகு டேவிட் குஷிங்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், பாசி பெருகுற காலமும் குஞ்சு பொரிக்குற காலமும் ஒத்துப்போகுதா விலகிப்போகுதாங்குறதுதான் கேள்வின்னு அதை விரிச்சார். பட்டத்துல விதைக்கணும்னு நம்ம விவசாயி சொல்றதும் இதேதான். இன்னிக்கு தீனியோட சேர்த்து, குஞ்சை மத்ததுங்க திங்கறது, நீரோட்டம் அடிச்சுட்டுப் போறது எல்லாத்தையும் கணக்குல எடுக்குறாங்க, அதுவும் நியாயம்தான், பசியில தளர்ந்த குஞ்சுதான் முதல்ல இன்னொருத்தன் வாயில போகுது.

படி 5: வளர வளர தட்டு மாறும்

ஒரு வாரம் பத்து நாள்ல வாய் பெருசாகும், பெரிய கோப்பிபாடை எடுக்கும். எல்லாரும் ஒரே மாதிரி இல்லைங்குறது இங்கதான் தெரியும். சூரை இனக் குஞ்சு ஆப்பெண்டிகுலேரியன்னு ஒரு சின்ன தலைப்பிரட்டை மாதிரி உயிரியைத் திங்கும், கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்துல இருக்குற மத்த மீன்குஞ்சையே முழுங்கும், அதனாலதான் அந்த வேகத்துல வளருது. கொடுவாயும் இந்த விஷயத்துல மோசம், தன் கூடப் பொறந்ததையே திங்கும், அதனால பொரிப்பகத்துல அளவு பாத்துப் பாத்து பிரிச்சுக்கிட்டே இருப்பாங்க.

விலாங்கு குஞ்சு மட்டும் தனி ரகம். இலை மாதிரி தட்டையா, உள்ள இருக்குறது தெரியுற மாதிரி இருக்கும். ரொம்ப காலம் அது என்ன திங்குதுன்னே பிடிபடல, குடல்ல உருவமா ஒண்ணும் தெரியல. மேலேர்ந்து மெதுவா இறங்குற கடல் பனின்னு சொல்ற கசடுத் துணுக்கும், ஆப்பெண்டிகுலேரியன் கழட்டிப் போட்ட சளிக்கூடும்தான் அதோட சாப்பாடுன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஜப்பான்ல சுறா முட்டையைக் கூழாக்கிக் குடுத்து வளர்த்து, 2010ல விலாங்கோட முழு வாழ்க்கைச் சுற்றையும் தொட்டியிலேயே முடிச்சாங்க.

படி 6: தொண்டிக்குப் போய் கண்ணால பாருங்க

தேவகோட்டை, திருவாடானை வழியா போனா தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறையே அங்கதான் இருக்கு. அந்தக் கடல் ஆழம் கம்மி, அடியில கடல்புல்லு, குஞ்சு ஒளியறதுக்கும் திங்கறதுக்கும் தொட்டில் மாதிரி இடம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக்கூடாதுன்னு வச்சிருக்கறதும் இனப்பெருக்கத்துக்காகத்தான்.

வலைக்கு விலை அதிகம் குடுக்க வேண்டாம். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில 200 மெஷ் துணி கேளுங்க, ஓட்டை சுமார் 70, 80 மைக்ரான் இருக்கும். அதை புனல் மாதிரி தச்சு, வாய்ப்பக்கம் கம்பி வளையம், அடியில ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில். நாட்டுப்படகுக்காரங்க யாரையாவது கேட்டு விடியக்காலையில கூடப் போயி, படகு மெதுவா போகும்போது மேல்தண்ணியில அஞ்சு நிமிசம் இழுத்தா போதும். வேகமா இழுத்தா எல்லாம் நசுங்கிரும். பாட்டிலை பாதிதான் நிரப்பணும், மூடி இறுக்காம, வெயில் படாம, ஈரத்துணி சுத்தி வைங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாத்துருங்க. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் போதும், முதல்ல 40 மடங்குல ஆரம்பிச்சு 100க்குப் போங்க. வெட்டி வெட்டித் துள்ளுறது கோப்பிபாட், ஒத்தைக் கண்ணோட நடுங்கறது நாப்ளியஸ், பூச்சாடி டிண்டினிட், சின்னச் சங்கு சுத்திக்கிட்டுப் போனா அது நத்தைக் குட்டி. ரெண்டு பெரிய கருங்கண்ணு வச்ச கண்ணாடிக் கோடு ஒண்ணு கிடைச்சா அதுதான் நம்ம ஆளு, மீன் லார்வா. அதோட குடல் நேர்க்கோடா தெரியும், அன்னிக்கு சாப்பிட்டிருந்தா நடுவுல கருத்த புள்ளி இருக்கும்.

படி 7: வீட்டுத் தொட்டியில ஊட்டுறது

கோமாளி மீன்ல ஆரம்பிங்க. அது கல்லுல முட்டை ஒட்டி வைக்கும், ஆண் மீன் விசிறிக்கிட்டே காவல் காக்கும், ஒரு வாரம் கழிச்சு ராத்திரி விளக்கு அணைஞ்சப்புறம் பொரிக்கும். குஞ்சு மூணு நாலு மில்லிமீட்டர், சீரகத்தை விட கொஞ்சம் சின்னது, பொறக்கும்போதே கண்ணும் வாயும் தயார். என் முதல் தடவையில அவிச்ச முட்டை மஞ்சக்கருவை துணியில வடிகட்டிக் குடுத்தேன், நன்னீர் மீனுக்கு அப்படிக் குடுத்துப் பழக்கம். அசையாத துகளை குஞ்சு திரும்பியே பாக்கல, தண்ணி நாறிப்போச்சு, மூணாம் நாள் காலையில ஒண்ணு கூட இல்ல. அன்னிக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்ல.

மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010ல கடல் விராலையும் 2011ல வெள்ளி வாவல் பாறையையும் இனப்பெருக்கம் பண்ணிக் காட்டுனாங்க, அதுக்கு முன்னாடி 1997லயே முட்டுக்காட்டுல உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்துல கொடுவாயைப் பண்ணியாச்சு. எல்லாத்துக்கும் முதல் தீனி ரோட்டிஃபர், அதாவது தண்ணியில நீந்துற, மைக்ராஸ்கோப்ல பாக்க வேண்டிய அளவு சின்னப் பிராணி. அதனால முட்டை தெரியுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ரோட்டிஃபர் வளர்க்க ஆரம்பிச்சிருங்க, முட்டை வந்தப்புறம் தேடக்கூடாது.

ரோட்டிஃபர்க்கு நானோகுளோராப்சிஸ்ங்குற பச்சை நுண்பாசி வேணும். வாளியில 20, 25 பிபிடி (லிட்டருக்கு சுமார் அத்தனை கிராம் உப்பு) உப்புத்தண்ணி, மெல்லிய காத்து, தண்ணி இளம்பச்சையா இருக்கணும், வெளுத்துப்போச்சுன்னா பாசி ஊத்தணும். பேக்கரி ஈஸ்ட் போட்டாலும் பெருகும், ஆனா அதுல நான் மேல சொன்ன கொழுப்பு இருக்காது, அப்படி வளர்ந்த ரோட்டிஃபர் வயிறு நிறைக்கும், குஞ்சு வளராது. எப்படி வளர்த்திருந்தாலும் குடுக்குறதுக்கு சில மணி நேரம் முன்னாடி நல்ல பாசியில விட்டு வயித்தை நிறைச்சுக் குடுங்க. ரோட்டிஃபரை தின்னத் தின்ன, அது தின்ன பாசியும் குஞ்சுக்குள்ள போகும்.

குஞ்சுத் தொட்டி சுத்தி கருப்பா இருக்கட்டும், வெளிச்சம் மேலேர்ந்து மட்டும், இல்லன்னா குஞ்சு பக்கத்துக் கண்ணாடியில முட்டிக்கிட்டே கிடக்கும். அதுலயும் கொஞ்சம் பச்சைத்தண்ணி ஊத்துங்க, ரோட்டிஃபர் பட்டினி கிடக்காது, பச்சைப் பின்னணியில இரையும் நல்லா தெரியும். ஒரு மில்லியில எட்டு பத்து ரோட்டிஃபர் எப்பவும் இருக்கணும். வெள்ளைக் கிண்ணத்துல ஒரு சொட்டு எடுத்து கைலென்ஸ்ல எண்ணிப் பாருங்க, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, குறைஞ்சா சேருங்க. தண்ணி மேல எண்ணெய்ப் படலம் நிக்க விடாதீங்க.

ஏழு எட்டு நாள்ல ஆர்ட்டீமியா. இது கடல்ல இருக்குற தீனி கிடையாது, உப்பு ஏரியிலயும் உப்பளத்துலயும் வாழுற ஜீவன், ஆனா அதோட முட்டையை டப்பாவுல வாங்கி 24 மணி நேரத்துல பொரிக்க வைக்க முடியும்ங்குறதாலதான் உலகம் முழுக்க இதை வச்சே மீன் வளர்க்குறாங்க. பொரிச்சது அரை மில்லிமீட்டர்கிட்ட இருக்கும், அதனால அதுக்கு முன்னாடி குடுத்தா வாயில நுழையாது. ஓடு மேல மிதக்கும், விளக்கை அடியில காட்டி கீழ கூடுனதை மட்டும் உறிஞ்சி எடுங்க, ஓடு குடல்ல அடைச்சா குஞ்சு செத்துரும். பொரிச்ச சில மணி நேரத்துக்குள்ள குடுத்துருங்க, நேரம் ஆக ஆக அது தன் சத்தைத் தானே தின்னு தீர்த்துரும்.

பத்துலேர்ந்து பதினஞ்சு நாளுக்குள்ள உடம்புல வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும், குஞ்சு கீழ இறங்கி நிக்கும். அப்பதான் பொடித்தீனி பழக்கணும். ஆர்ட்டீமியா ஆரம்பிச்ச அன்னிக்கே ரோட்டிஃபரை நிறுத்தாதீங்க, மூணு நாலு நாள் ரெண்டும் சேர்ந்து போகட்டும், பொடிக்கு மாத்தும்போதும் அப்படித்தான், ஏன்னா ஒரே தொட்டியில எல்லா குஞ்சுக்கும் வாய் ஒரே நாள்ல வளர்றதில்ல, கடைசியா வளர்ற சின்னதுக்கும் அன்னிக்கு காலையில நுழையுற அளவுல ஏதாவது ஒண்ணு தண்ணியில இருக்கணும்.